வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மேல் போட்ட பில்கள்

நான் இப்போது வேலை பார்க்கும் சென்னை கம்பெனியில் வெள்ளிக்கிழமை புது வெர்ஷன் போடக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. ஏதாவது புட்டுக்கொண்டால் சனி, ஞாயிறு லீவு போய்விடும் என்பது பையன்கள் சொல்லும் காரணம். அந்த விதியைக் கொண்டுவந்தவன் நான். என் காரணம் வேறு. அதை மீட்டிங்கில் சொன்னால் ஒருவனும் என்னை மேனேஜராக மதிக்க மாட்டான் (இப்போதும் பெரிதாக மதிப்பதில்லை, அது தனிக் கதை).

பெரிய மென்பொருள் ஒன்றை மாற்றிப் போடுவதற்கு முன்னால் முழுசாகச் சோதித்துவிட்டேன் என்று எவராவது சொன்னால், அவர் இன்னும் பட்டதில்லை என்று அர்த்தம். நான் பட்டவன். பட்டதோடு நிற்காமல் என் தாய்மாமனையும் சேர்த்துப் படுத்தியவன். இத்தனை வருடம் கழித்தும் நினைத்தால் முகம் சுடுகிறது.

மதுரையில் எம்.சி.ஏ. முடித்துவிட்டு, வேலைக்கு எழுதிப்போட்ட இடமெல்லாம் கையை விரித்த பிறகு, தேனியில் ஒரு தையல்கடைக்கு மேலே அறை எடுத்து நானே கம்பெனி ஆரம்பித்தேன். வாசலில் 'நிறுவன மென்பொருள் தீர்வுகள்' என்று போர்டு. நிறுவனத்தில் நான் ஒருவன்தான். அந்தப் போர்டைப் பார்த்து, பத்திரம் எழுதுகிற ஆபீஸ் என்று நினைத்து வில்லங்கம் பார்க்க வந்தவர்கள்தான் முதல் ஆறு மாதமும் படியேறினார்கள்.

அப்படி ஈ ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கு முதல் வேலை வாங்கித் தந்தவர் சௌந்தரபாண்டி மாமா. என் அம்மாவின் தம்பி. தேனி பஜாரில் ஒரு மொத்த மளிகைக் கடையில் தலைமைக் கணக்கர். கடை என்றால் சின்னக் கடை இல்லை. தேனியில் பெரிய கடை, கம்பத்திலும் போடியிலும் சரக்கு அடுக்கும் கிட்டங்கி, மூன்று லாரி, மலைக்கு அந்தப்பக்கம் குமுளி வரைக்கும் சரக்கு போகும். மாமா வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு, முழங்கை வரை மடித்த சட்டையோடு உட்கார்ந்திருந்தால், புதிதாக வருகிறவர்கள் அவரைத்தான் முதலாளி என்று கும்பிடுவார்கள். மாமாவும் தடுக்க மாட்டார். பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு, "முதலாளி உள்ள இருக்காக" என்று நிதானமாகச் சொல்வார்.

முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அதிகம் பேசாத மனிதர். மாமா மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை ஊரறிந்தது. கல்லாச் சாவி ஒன்று அவர் இடுப்பில், இன்னொன்று மாமா இடுப்பில். "நம்ம அக்கா மகன் அண்ணாச்சி, பெரிய படிப்பு" என்று மாமா ஒரு வார்த்தை சொன்னதற்காக, இரண்டாவது கேள்வி கேட்காமல் பில் போடும் வேலையை என்னிடம் கொடுத்தார்.

முதல் வெர்ஷனை ஒரு மாதத்தில் எழுதினேன். தமிழில் பில் வரும். மூலையில் தேதியும் நேரமும் அச்சாகும். நேரம் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கம்ப்யூட்டரில் கடிகாரம் இருந்தது, போட்டேன். 'பார், நிமிஷம் வரைக்கும் காட்டுகிறது' என்று நாலு பேர் சொல்ல வேண்டுமென்ற அல்ப ஆசை. அந்த மூலையில் நான் வைத்தது எவ்வளவு பெரிய வெடி என்று அப்போது தெரியாது.

இரண்டு வருடம் அது தேர் மாதிரி ஓடியது. அவ்வப்போது சாயங்காலங்களில் போய், "மாமா, எல்லாம் நல்லா ஓடுதா?" என்று கேட்பேன். "ஓடுதுடா மாப்ள" என்பார். டீ வாங்கித் தருவார். என் வாடிக்கையாளர் சேவை அத்தோடு முடிந்தது.

ஒரே ஒரு தொல்லை இருந்தது. தேனியில் ஆர்டர் எடுப்பார்கள், சரக்கு கம்பம் கிட்டங்கியிலிருந்து ஏறும். ஆகவே மாமா ஒவ்வொரு பில்லையும் போனில் கம்பத்துக்கு உரக்கப் படிப்பார். "துவரம்பருப்பு மூணு மூட்ட... துவரம்பருப்புங்கேன்... உளுந்து இல்லய்யா, துவர... ஏலே, காதுல என்ன வச்சிருக்க?" பஜார் முழுக்கக் கேட்கும். எந்த வீட்டில் என்ன விசேஷம், எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று தேனிக்கே தெரிந்துவிடும்.

இதை ஒழிக்கத்தான் நான் இரண்டாவது வெர்ஷனோடு கிளம்பினேன். தேனி கம்ப்யூட்டரில் பில் போட்டால் போதும், அரை மணிக்கு ஒருமுறை அதுவே போன் லைன் வழியாகக் கம்பத்தைக் கூப்பிட்டுப் புதுப் பில்களைத் தள்ளிவிடும். எது புதுப் பில் என்று அதற்கு எப்படித் தெரியும்? கடைசியாக அனுப்பிய பில்லின் நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளும். அதற்குப் பிந்தைய நேரம் போட்ட பில்களை மட்டும் அனுப்பும். இதை யோசித்துக் கண்டுபிடித்த அன்று எனக்கு நானே கைகொடுத்துக்கொண்டேன்.

சோதிக்காமல் போட்டேன் என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. வைகை அணையில் எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் ஒரு கம்ப்யூட்டர், அடுப்படி வாசலில் ஒரு கம்ப்யூட்டர், நடுவில் ஒயர். நடுக்கூடம் தேனி, அடுப்படி கம்பம். கம்பம் கிட்டங்கி மேனேஜராக என் அம்மா. ஓடும்போது கரண்டை அணைத்துப் பார்த்தேன். பாதியில் ஒயரைப் பிடுங்கினேன். எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தைத் தட்டினேன். மைனஸ் பத்து மூட்டை சீனி விற்றேன். எல்லாவற்றையும் தாங்கியது.

"ஏலே பாஸ்கரு, வெல்லம் ரெண்டு மூட்ட, பச்சரிசி அஞ்சு மூட்டன்னு வந்துருக்கு" என்று அடுப்படியிலிருந்து அம்மா கத்தும். பிறகு அடுப்படி வாசலில் தலையை நீட்டும். "இதென்னடா, மகேஸ்வரி கல்யாணம்னு போட்டுருக்கு? என் தம்பி மகளுக்கு எனக்குத் தெரியாம எப்படா கல்யாணம் வச்சாக?"

மகேஸ்வரி சௌந்தரபாண்டி மாமாவின் மகள். சோதனைக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது, வாயில் வந்ததைப் போட்டேன் என்று சொல்லிச் சமாளித்தேன். (வாயில் வந்த பெயர் இல்லை என்பது அம்மாவுக்கும் தெரியும்.)

முழுசாகச் சோதிப்பது என்றால் என்ன? மூன்று ஊர், நாலைந்து கம்ப்யூட்டர், எந்நேரமும் அறுந்து போகிற போன் லைன், போகிற வருகிற கரண்ட், நானூறு வகைச் சாமான், அதை எடைபோட்டும் மூட்டையாகவும் வாங்குகிற ஆட்கள். இதில் எதோடு எது சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தால் பேரன் பேத்தி எடுத்தாலும் முடியாது. ஆகவே எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். எனக்குத் தோன்றியதை மட்டும் சோதித்தேன். எனக்குத் தோன்றாத ஒன்று உலகத்தில் நடக்காது என்று அந்த வயதில் ஓர் எண்ணம் இருந்தது. வீட்டுக் கம்ப்யூட்டர்கள் இரண்டிலும் கடிகாரம் சரியாக ஓடியது. கடிகாரம் சரியாக ஓடாமல் வேறு என்ன செய்யும்?

புது வெர்ஷனுக்கு அண்ணாச்சி நாள் பார்த்தார். வெள்ளிக்கிழமை காலை, ஒன்பதரைக்கு மேல் பத்தரைக்குள். கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் சுற்றி (அதில் ஒரு மொட்டு கீபோர்டுக்குள் விழுந்து இரண்டு மாதம் அங்கேயே இருந்தது), தேங்காய் உடைத்து, முதல் பில்லை அண்ணாச்சியே தட்டினார். பத்து மணிக்கு மோடம் கீச்சென்று கத்திவிட்டுக் கம்பத்தைக் கூப்பிட்டது. அடுத்த நிமிடம் கம்பம் கிட்டங்கி ராசு அண்ணன் போன் செய்தார். "வந்துருச்சு அண்ணாச்சி! படமாட்டம் வந்துருச்சு!" கடையே கைதட்டியது. மாமா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "எங்க அக்கா மகன்" என்று மிளகாய் வாங்க வந்தவரிடமெல்லாம் காட்டினார். அந்த முகம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகு அந்தக் கடையில் அவருக்கு அப்படி ஒரு நாள் அமையவில்லை, என் புண்ணியத்தில்.

நான் பத்தேகாலுக்கே கிளம்பிவிட்டேன். வெற்றி பெற்றவன் நெய் ரோஸ்ட் சாப்பிட வேண்டாமா?

மறுநாள் சனிக்கிழமை மத்தியானம், பாராட்டு இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும் என்று கடைக்குப் போனேன். போன் மணி அடித்தது. சின்னமனூரில் ஒரு கல்யாண வீடு. பெண்ணின் அப்பா. அண்ணாச்சி போனைக் காதிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடித்திருந்தார், எனக்கே கேட்டது.

"அண்ணாச்சி, காலைலயே சாமான் வந்துரும்னீக. இன்னும் வரல. அடுப்ப பத்தவச்சுட்டு ஒக்காந்துருக்கோம். சாயங்காலம் மாப்ள வீட்டாளுக வந்துருவாக. ஒங்கள நம்பித்தான அண்ணாச்சி வேற கடைக்குப் போகல!"

அண்ணாச்சி மாமாவைப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். பில் இருந்தது. அழகாக, தமிழில், ஒரு குறை இல்லாமல் இருந்தது. கம்பத்துக்குப் போன் போட்டோம்.

"சின்னமனூருக்கா?" என்றார் ராசு அண்ணன். "அப்பிடி ஒரு பில்லே இங்கன வரலையே. வந்ததெல்லாம் ஏத்தி அனுப்பிட்டேன். படமாட்டம் வந்துச்சு."

அதற்குள் குமுளிக்காரர் ஒருவர் கடை வாசலில் வந்து நின்றுவிட்டார். பஸ் பிடித்து நேரிலேயே வந்திருந்தார், ஓட்டலில் அரிசி தீர்ந்துபோன கோபத்தில் பாதி மலையாளத்தில் கத்தினார். "எந்தா இது? நேத்து பில்லு போட்டு, இன்னும் சரக்கு காணல. எங்கட ஓட்டல்ல அரி தீர்ந்து போயி!" இன்னொரு போன் போடியிலிருந்து. இன்னொன்று உத்தமபாளையம். முந்தின நாள் போட்ட பில்களில் ஒரு பகுதியை மட்டும் யாரோ கத்தரித்து எடுத்துவிட்ட மாதிரி கம்பத்தில் காணவில்லை. அதற்கு முன்னால் போட்டது போயிருந்தது, பின்னால் போட்டதும் போயிருந்தது. நடுவில் இருந்ததுதான் போகவில்லை.

அண்ணாச்சி எழுந்தார். செருப்பைப் போட்டார். தேனிக் கடையில் இருந்ததை அள்ளி லாரியில் ஏற்றி, டிரைவர் பக்கத்தில் தானே ஏறி உட்கார்ந்து சின்னமனூருக்குப் போனார். போவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். பலகாரம், பொங்கல், கேசரி என்று போட்டிருந்த திட்டமெல்லாம் கிட்டங்கியிலேயே மூட்டையாக இருந்ததால், பெண் வீட்டார் ஊரில் இருந்த இரண்டு பரோட்டாக் கடையையும் மொத்தமாகப் பேசி, தோட்டத்து வாழைத்தாரையும் வெட்டிக் கொண்டுவந்து சம்பந்திகளை உட்கார வைத்திருந்தார்கள். 'பரோட்டாவும் பழமும் போட்டு வரவேற்ற வீடு' என்று அந்தப் பெண்ணை மாமியார் வீட்டில் பல வருடம் குத்திக் காட்டினார்களாம். அந்தப் பெண் யார், எப்படி இருப்பாள் என்று எனக்குத் தெரியாது. அவளிடம் ஒரு மன்னிப்பு பாக்கி இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க, கடையிலிருந்து எடுத்து வந்த பில் விவரங்களை வீட்டில் பரப்பி வைத்துக்கொண்டு தேடினேன். சாயங்காலம் கண்ணில் பட்டது. பில் நம்பர் ஏறிக்கொண்டே போகிறது. நேரம் பத்து இருபத்தெட்டு வரை வந்து, அடுத்த பில்லில் திடீரென்று எட்டரைக்கு இறங்குகிறது. பிறகு அங்கிருந்து ஏறுகிறது. பிறகு சட்டென்று பன்னிரண்டுக்குத் தாவுகிறது. யாரோ கம்ப்யூட்டர் கடிகாரத்தைப் பின்னால் தள்ளியிருக்கிறார்கள்! பின்னால் தள்ளிய நேரத்தில் போட்ட பில்லெல்லாம் என் புரோகிராமுக்குப் பழைய பில். ஏற்கெனவே அனுப்பியாயிற்று என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டது.

தப்பு என் மேல் இல்லை! எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தோடு விட்டேனா? பழைய வெர்ஷனின் பில்களையும் தோண்டினேன். இரண்டு வருடமாக இது நடந்திருக்கிறது. அதிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. தினமும் ஒன்றரை மணி நேரம், ஆனால் கிழமைக்குக் கிழமை வேறு வேறு நேரம். இது என்ன ஒழுங்கு என்பது மட்டும் பிடிபடவில்லை. (படித்துக்கொண்டிருக்கும் நீங்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். நான் எம்.சி.ஏ.)

திங்கட்கிழமை காலை கடையில் கூட்டமில்லை. அண்ணாச்சி கல்லாவில். அவர் தலைக்கு மேலே தினசரிக் காலண்டர். மாமா தன் ஸ்டூலில். மூட்டை தூக்குகிறவர்கள் இரண்டு பேர், போடிக் கிட்டங்கிக்காரர் ஒருவர். சிபாரிசு செய்த மாமாவின் மானத்தையும் சேர்த்துக் காப்பாற்றப் போகிறேன் என்ற மிதப்பில் நான் நடுவில் நின்றேன்.

"கண்டுபிடிச்சுட்டேன் அண்ணாச்சி. சாப்ட்வேர்ல தப்பே இல்ல. இங்கன யாரோ கடிகாரத்தப் பின்னாடி தள்ளிருக்காக."

மாமா நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

"எப்ப?" என்றார் அண்ணாச்சி.

"வெள்ளிக்கிழம பத்தரைக்கு."

"பன்னெண்டு வரைக்குமா?"

"ஆமா அண்ணாச்சி! கரெக்டா சொல்லிட்டீக!" என்று அவரைப் பாராட்டினேன். ஆமாம், நான் அவரைப் பாராட்டினேன்.

"மாப்ள, அப்பறம் பாத்துக்கிடலாம்டா" என்றார் மாமா, மெதுவாக.

"இருங்க மாமா, முக்கியமானதே இனிமேத்தான். இது அன்னைக்கு மட்டும் நடக்கல. ரெண்டு வருசமா தெனமும் நடக்குது. செவ்வாக்கிழமைன்னா மூணுல இருந்து நாலரை. புதன் பன்னெண்டுல இருந்து ஒன்றரை. வியாழன் ஒன்றரைல இருந்து மூணு. சனிக்கிழமை ஒம்பதுல இருந்து பத்தரை..."

ஒரு மூட்டைக்காரர் தலைத் துண்டை அவிழ்த்து வாயைப் பொத்திக்கொண்டார். போடிக்காரர் திரும்பி மிளகு மூட்டையை ஆராய ஆரம்பித்தார். நான் நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு வந்தேன், கடை லீவு என்று வருத்தத்தோடு விட்டுவிட்டேன்.

"இது என்ன பேட்டர்ன்னுதான் அண்ணாச்சி புரியல" என்று முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தபோது, அதற்கு மேலே இருந்த காலண்டரும் கண்ணில் பட்டது. நான் வாசித்த அட்டவணை முழுவதும், ஒரு நிமிடம் பிசகாமல், 'ராகுகாலம்' என்ற தலைப்பில் அச்சடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

பிறகுதான் எனக்கு எல்லாம் தெரியவந்தது. கடையில் இருந்த எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த விஷயம். அண்ணாச்சியின் அப்பா காலத்தில், ராகுகாலத்தில் பில் போட்டு ஏற்றிய லாரி ஒன்று குமுளி மலைப் பாதையில் கவிழ்ந்து, டிரைவருக்குக் கால் போய்விட்டது. அன்றிலிருந்து அந்த நேரத்தில் கடையில் பில் போடுவதில்லை என்று அண்ணாச்சிக்கு ஒரு வைராக்கியம். ராகுகாலம் வந்தால் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார். ஆனால் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வருகிற ஆட்கள் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார்களா? அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். ஆகவே அவர் அந்தப் பக்கம் போனதும், மாமா இந்தப் பக்கம் பில் போட்டுக்கொண்டிருந்தார். கையால் எழுதிய பில்லில் நேரம் இருக்காது. யாருக்கும் தெரியாது. அப்புறம் நான் வந்தேன், என் சாப்ட்வேர் வந்தது, பில் மூலையில் நிமிஷம் வரைக்கும் நேரம் வந்தது. மாமா என்ன செய்வார்? கடிகாரத்தைத் தள்ளி வைக்கக் கற்றுக்கொண்டார். பன்னிரண்டு அடித்ததும் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒழுங்காகத் திருப்பியும் வைத்திருக்கிறார். வெர்ஷன் ஒன்று ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. போனில் அவரே படித்துச் சொன்னதால் பில்லும் தவறவில்லை.

அண்ணாச்சி கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. "சௌந்தரம்" என்றார். "இத்தன வருசமா, நான் அங்கன வீட்ல கண்ண மூடி ஒக்காந்துருப்பேன். நீ இங்கன..."

மாமா எழுந்து நின்றார். "பில்லு மட்டுந்தான் அண்ணாச்சி போட்டேன். ஒரு நாளும் அந்நேரத்துல லாரியக் கெளப்ப விட்டதில்ல. யாவாரமும் கெடக் கூடாது, ஒங்க மனசும் கெடக் கூடாதுன்னு..."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல."

எப்போதும் எதற்கும் பதில் வைத்திருக்கிற மாமா, கையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றார். நான் கையில் பிரிண்ட் தாள்களோடு பக்கத்தில் நின்றேன். தாள்களை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அண்ணாச்சி அவரை வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. கம்ப்யூட்டரின் பிளக்கைத் தன் கையால் பிடுங்கினார், அவ்வளவுதான். மறுநாளிலிருந்து ராகுகாலத்தில் வீட்டுக்குப் போகாமல் கடையிலேயே உட்கார்ந்தார். மாமாவுக்கு எதிரே, ஒன்றரை மணி நேரம், ஒரு வார்த்தை பேசாமல். மாமா ஒரு மாதம் தாங்கினார். பிறகு இடுப்பிலிருந்த சாவியைக் கல்லா மேல் வைத்துவிட்டு வந்துவிட்டார். ஆண்டிபட்டியில் ஒரு லாரி ஆபீசில் கணக்கெழுதப் போனார். அங்கே அவரை யாரும் முதலாளி என்று நினைத்துக் கும்பிடவில்லை.

அந்தத் திங்கட்கிழமை கடையிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானும் மாமாவும் ஒன்றாக நடந்தோம். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் அழுதுவிடலாம் என்று இருந்தது.

"நீ கெட்டிக்காரன்டா" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

"ஏன் மாமா எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"நீ என்னத்தக் கேட்ட? நல்லா ஓடுதான்னு கேட்ட. நல்லாத்தான ஓடுச்சு." கொஞ்ச தூரம் நடந்தபின் சொன்னார், "சொன்னா நீ சிரிப்பன்னு நெனச்சேன்."

சிரித்திருப்பேன். அது எனக்குத் தெரியும். இரண்டு வருடம் அவர் வாங்கித் தந்த டீயைக் குடித்துக்கொண்டு அந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். சாயங்காலம் போய் உட்கார்ந்ததற்குப் பதிலாக ஒரே ஒரு வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் போயிருந்தால் போதும். கம்ப்யூட்டரைச் சோதித்தேன், ஒயரைச் சோதித்தேன், அம்மாவைக்கூடச் சோதித்தேன். என் பழைய வெர்ஷனோடு ஒரு மனிதர் எப்படிச் சமாளித்து வாழ்கிறார் என்று பார்க்கத் தோன்றவில்லை. இன்றைக்கு என் கீழே முப்பது பேர் சோதிக்கிறார்கள். வாடிக்கையாளரிடம் போனால், "எங்க சாப்ட்வேர ஏமாத்த நீங்க என்னென்ன பண்றீங்க?" என்று முதலில் கேட்கச் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் ஒன்றுமே இல்லை என்றுதான் சொல்கிறார்கள். ஒருவரையும் நான் நம்புவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு அப்டேட்டிலும் எங்கோ ஒரு சௌந்தரபாண்டி மிஞ்சிவிடுகிறார்.

நாலு வருடம் கழித்து எனக்கும் மகேஸ்வரிக்கும் கல்யாணம். மாமா எப்படிச் சம்மதித்தார் என்று கேட்காதீர்கள், அவருக்கு அக்காவிடம் பயம். பழனிசெட்டிபட்டியில் மண்டபம். வெள்ளிக்கிழமை, முகூர்த்தம் பத்தேகாலுக்குள். வைகை அணையிலிருந்து வந்த எங்கள் கார் தேனி ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டது. நாளைக்கு ஒன்றிரண்டு தடவை மட்டும் தலைகாட்டுகிற போடி ரயில், அதற்கென்றே பார்த்திருந்த மாதிரி, அப்போது வந்து ஆடி அசைந்து போனது. மண்டபத்துக்குள் ஓடும்போது என் கைக்கடிகாரத்தில் மணி பத்து முப்பத்தைந்து.

மாலையைப் போட்டு என்னை மணையில் தள்ளினார்கள். மூச்சு வாங்க நிமிர்ந்து பார்த்தால், எதிர்ச் சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து பத்து. அதற்கு நேர் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதிலிருந்து சௌந்தரபாண்டி மாமா நிதானமாக இறங்கி, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டிருந்தார்.

முன்வரிசையில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். மாமா கொடுத்த பத்திரிகைக்கு வருவாரா மாட்டாரா என்று வீட்டில் பெரிய பேச்சாக இருந்தது, வந்திருந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். மாமா நகரவில்லை. தாலி என் கையில் இருந்தது.

அண்ணாச்சி கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். தட்டிலிருந்து அட்சதையை அள்ளிக்கொண்டு எழுந்து நின்றார். மேளம் கொட்டியது.

அன்றைக்கும் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. பந்தியில் அண்ணாச்சி இலைக்கு மாமாவே பாயசம் ஊற்றினார், அவர் போதுமென்று கைகாட்டினார், அவ்வளவுதான். கடைக்குத் திரும்ப வரச் சொல்லி அவர் ஆள் அனுப்பியதாகவும், மாமா போகவில்லை என்றும் அப்புறம் கேள்விப்பட்டேன். போயிருக்கலாம். நான் அந்தத் தாள்களை முதலில் மாமாவிடம் மட்டும் காட்டியிருந்தால், அவர் வெளியே வர வேண்டிய தேவையே இருந்திருக்காது.

இப்போதும் வீட்டில் எங்களுக்குள் சண்டை வந்தால், மகேஸ்வரி பாத்திரத்தை நங்கென்று வைத்துவிட்டுச் சொல்வாள். "ராகுகாலத்துல கட்டுன தாலி, வேற எப்பிடி இருக்கும்?"

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் மாமா தலையைத் தூக்காமல் பதில் சொல்வார். "யாரு சொன்னது? பத்து பதினாலுக்குக் கட்டுனது. மண்டபத்துல அத்தன பேரும் கடிகாரத்தப் பாத்தாக. சந்தேகம்னா கம்ப்யூட்டர்காரனக் கேளு. அவனுக்குத்தான் நிமிஷம் வரைக்கும் தெரியும்."

எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். என் மகன்கூட.

"நான் கவனிக்கல மாமா" என்பேன். வீடே சிரிக்கும், மாமாவும் சிரிப்பார். அந்தத் திங்கட்கிழமை காலை, கடை நடுவில் நின்று நான் சொல்லியிருக்க வேண்டியதும் இதைத்தான்.